முதல் லெவலிலேயே தெய்வ அம்சத்தை எப்படிக் காட்டுவது?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகி, சேர்ந்து கதை வளர்க்கும் விளையாட்டு) ஆடுபவர்களிடம் ஒரு உதவி. நாங்கள் ஆடுவது 2008-இல் வந்த நான்காம் பதிப்பு (பழசுதான், எங்களுக்குப் பிடித்திருக்கிறது). அதில் 'டெமிகாட்' (பாதி தெய்வம்) போன்ற எபிக் டெஸ்டினியை, அதாவது பாத்திரத்தின் உச்சகட்ட விதியை, 21-ஆம் லெவலில்தான் எடுக்க முடியும். எங்களில் ஃபைட்டர் (போர்வீரன்) பாத்திரம் ஆடுபவர் இப்போதே அதற்கு அடிபோடச் சொல்கிறார். நான்தான் டன்ஜன் மாஸ்டர், அதாவது கதையை நடத்துபவர்.

கோப்ளின் என்ற குட்டி அரக்கனிடம் அடிவாங்கிக் கிடப்பவனைத் தெய்வப் பிறவி என்றால் சிரிக்கிறார்கள். தீர்க்கதரிசனம் வைத்தாலோ மற்ற மூவரும் எடுபிடிகளாகிவிடுவார்கள். அவன் ரத்தம் சிந்திய பாறையில் மறுநாள் புல் முளைத்திருக்கும், அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். இதுவரை யோசித்தது இவ்வளவுதான். இப்படி ரூல்ஸைத் தொடாத, பலம் கூட்டாத அறிகுறிகள் வேறு என்ன வைக்கலாம்? அப்புறம், நால்வரில் யாருக்கான அறிகுறி என்பதையே கடைசிவரை மறைத்தால் எடுபடுமா? ஆடிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.