லீ பெர்ரியின் 'ரெயின்ஃபோர்ட்': எப்படிக் கேட்பது?

பேஸ்பிரியன்: ஜமைக்காவின் ரெகே இசைக்கலைஞர் லீ 'ஸ்க்ராட்ச்' பெர்ரி 83 வயதில், 2019-இல் தந்த ஆல்பம். போனில் கேட்டால் குரல் முணுமுணுப்பாகவும் பாட்டு சப்பென்றும் இருக்கிறதே, ஏன்?

தாளக்கட்டு: போன் ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஆழ்ந்த ஒலி (பேஸ்) ஏறக்குறைய ஒன்றும் கேட்காது. ரெகேயில் பாட்டைத் தூக்கி நிறுத்துவதே பேஸ் கிட்டார்தான். காதை முழுசாக மூடும் ஹெட்போன் போடுங்கள். 'பேஸ் பூஸ்ட்' அணைந்திருக்கட்டும். இல்லாவிட்டால் பேஸ் ஊதிப்போய்க் குரலை விழுங்கிவிடும்.

டப்ரசிகை: முணுமுணுப்பு குறையில்லைங்க, அதுதான் இந்த ஆல்பத்தின் உயிர். தயாரிப்பாளர் ஏட்ரியன் ஷெர்வுட் அந்தத் தளர்ந்த குரலை மெருகேற்றி மறைக்கவில்லை. 9 பாடல்களில் கடைசியான 'ஆட்டோபயாக்ரபி ஆஃப் தி அப்செட்டர்' பாட்டிலிருந்து தொடங்குங்கள். 'அப்செட்டர்' என்பது பெர்ரியின் பட்டப்பெயர்; தன் கதையைப் பிறப்பிலிருந்தே சொல்கிறார். ஆல்பத்தின் பெயரும் அவருடைய இயற்பெயர்தான்.

தாளக்கட்டு: அப்புறம் அதே ஆண்டு வந்த டப் வடிவம், 'ஹெவி ரெயின்'. டப் என்றால், பாட்டின் குரலையும் வாத்தியங்களையும் அங்கங்கே எடுத்துவிட்டு, எதிரொலி சேர்த்து மறுபடி கலப்பது. 'ரெயின்ஃபோர்ட்' ஆல்பத்தின் 'மகும்பா ராக்' முடிந்த கையோடு 'ஹெவி ரெயின்'-இல் 'ஹியர் கம் தி வார்ம் ட்ரெட்ஸ்' போடுங்கள். அதே பாட்டைப் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் பிரையன் ஈனோவும் சேர்ந்து கலைத்துப் போட்டது. எந்த வாத்தியம் எப்போது காணாமல் போகிறது, எதிரொலி எந்தச் சொல்லைப் பிடித்து இழுக்கிறது என்று கவனியுங்கள். வின் கார்டன் ஊதும் டிராம்போனுக்காகவே மிச்சத்தையும் கேட்கலாம்.