அவர் சொன்னால் கலை, இவர் சொன்னால் இனவெறியா? – நீங்கள் நேரில் பார்த்ததைப் பகிருங்கள்

கடைசி வரிசை:

இனத்தையும் உச்சரிப்பையும் வைத்துச் செய்யும் ஜோக்குகள் பற்றி ஆளாளுக்கு ஒரு கொள்கை வைத்திருக்கிறோம். நேரில் நடந்ததைச் சொல்பவர்கள்தான் குறைவு. அதற்காகத்தான் இந்த இழை. முதலில் என் கதை.

நண்பர்களோடு ஓர் ஆங்கில ஸ்டாண்ட்-அப் நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். பல நாட்டுக்காரர்கள் கலந்த கூட்டம். முதலில் மேடையேறியவர் வெள்ளைக்காரர். கால் சென்டர் இந்தியரைப் போலத் தலையை ஆட்டி, அந்த உச்சரிப்பில் நாலு வரி பேசினார். எங்கள் மேசையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அடுத்து வந்தவர் இந்திய வம்சாவளி. அதே தலையாட்டல், அதே உச்சரிப்பு. இந்த முறை அவருடைய அப்பா இன்சூரன்ஸ் கம்பெனியோடு போனில் மல்லுக்கட்டுகிறார். எங்கள் ஆட்கள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

வெளியே வந்ததும் வாக்குவாதம். "வெள்ளைக்காரன் செஞ்சா இனவெறி, நம்ம ஆள் செஞ்சா கலையா?" என்றான் ஒருவன். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இரண்டும் ஒரே ஜோக் இல்லை. முதலாவதில் உச்சரிப்பைத் தவிர ஒன்றுமே கிடையாது. இரண்டாவதில் ஒரு மனிதர் இருந்தார். பாலிசி எண்ணை மனப்பாடமாக ஒப்பிப்பார், மேலாளரின் மேலாளரைக் கூப்பிடச் சொல்வார், காத்திருக்கும்போது ஓடும் இசைக்குத் தாளம் போடுவார். கடைசியில் தோற்றது கம்பெனிதான்.

இதோடு முடிந்திருந்தால் இங்கே எழுத வந்திருக்க மாட்டேன். அந்த இரண்டாமவரே போகிற போக்கில் ஒரு சீனரைப் போலவும் பேசிக் காட்டினார். அதில் அப்பாவும் இல்லை, இன்சூரன்ஸும் இல்லை, வெறும் உச்சரிப்பு. முதலாமவர் நமக்குச் செய்ததை அச்சு அசலாக இவர் அவர்களுக்குச் செய்தார். அரங்கிலேயே அதிகச் சத்தம் எங்கள் மேசையில்தான். பக்கத்து மேசையில் கிழக்காசிய முகச்சாயலில் இரண்டு பெண்கள். ஒருத்தி போனை எடுத்துத் திரையைச் சும்மா தள்ளிக்கொண்டே இருந்தாள். வெளியே நடந்த அவ்வளவு நீள வாக்குவாதத்தில் இந்தப் பகுதி மட்டும் யார் வாயிலும் வரவில்லை.

ஏத்துங்க சார்:

பின்னணிக் குரல் கொடுப்பது என் பிழைப்பு. ஒரு கார்ட்டூன் தொடரில் வெளிநாட்டு டாக்டர் ஒருவர் வருவார். மொத்த வசனமே, "ரிப்போர்ட் நாளைக்கு வரும், அதுவரைக்கும் மருந்தை நிறுத்த வேண்டாம்" என்பதுதான். இயல்பாகப் பேசினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இயக்குநர், "கொஞ்சம் ஏத்துங்க சார்" என்றார். எதை ஏற்றுவது? "அந்த ஊர்க்காரன்னு தெரியணும்ல. இழுத்துப் பேசுங்க, ரகரத்தை முழுங்குங்க, சிரிப்பாங்க." படத்தில் டாக்டர் சீரியஸாக நிற்கிறார், நோயாளி சீரியஸாகப் படுத்திருக்கிறார். சிரிப்பு மட்டும் என் நாக்கிலிருந்து வர வேண்டுமாம். டேக் மேல் டேக் போய், எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத ஒன்று ஓகே ஆனது.

இடைவேளையில் அதே இயக்குநர் போனில் ஒரு வெளிநாட்டு விளம்பரத்தைக் காட்டிப் பொங்கினார். இந்திய டாக்சி டிரைவர் ஒருவர் அதில் அசட்டுத்தனமாக இளித்துக்கொண்டிருந்தார். "பாருங்க, நம்மளை எப்படிக் காட்டுறானுங்க!" நான் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் 'தி சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் அப்பு. 1990-இல் அறிமுகமான அந்த இந்தியக் கடைக்காரருக்குக் குரல் கொடுத்தவர் ஹாங்க் அசாரியா என்ற வெள்ளை அமெரிக்கர். இந்திய வம்சாவளி நகைச்சுவையாளர் ஹரி கொண்டபோலு 2017-இல் இதைக் கேள்வி கேட்டு ஓர் ஆவணப்படமே எடுத்தார். 2020 ஜனவரியில் இனி அப்புவுக்குப் பேசப்போவதில்லை என்றார் அசாரியா. அதே ஆண்டு ஜூனில், வெள்ளையரல்லாத பாத்திரங்களுக்கு இனி வெள்ளையர் குரல் கொடுக்க மாட்டார்கள் என்று தொடரின் தரப்பே அறிவித்தது. எனக்கு இதில் பாதிதான் திருப்தி. பேசுகிற ஆளை மாற்றிவிடலாம். "கொஞ்சம் ஏத்துங்க" என்று சொல்கிற ஆள் அதே நாற்காலியில்தானே இருக்கிறார்?

பழைய வானொலி:

மேலே சொன்னதை ஒட்டி ஒன்று. 'ஏமஸ் அண்ட் ஆண்டி' என்ற அமெரிக்க வானொலித் தொடர் 1928-இல் தொடங்கியது. கறுப்பினப் பாத்திரங்களுக்கு இரண்டு வெள்ளைக்காரர்கள் குரலை மாற்றிப் பேசினார்கள், நாடே கேட்டது. 1951-இல் தொலைக்காட்சிக்கு வந்தபோது கறுப்பின நடிகர்களையே போட்டார்கள். ஆகவே பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பினத்தவரின் உரிமை அமைப்பு கடுமையாக எதிர்த்தது, 1953-இல் தொடர் நின்றது. மறுஒளிபரப்பு மட்டும் 1966 வரை ஓடியது. இன்னொரு பக்கமும் உண்டு. அன்றைக்குக் கறுப்பின நடிகர்களுக்குத் தொலைக்காட்சியில் வேறு வேலை கிடைப்பதே அபூர்வம். எதிர்ப்பால் தங்கள் சோற்றில் மண் விழுகிறது என்று வருந்திய நடிகர்களும் இருந்தார்கள். அவர்களை எப்படிக் குறை சொல்வது?

என் அனுபவம் இதன் குட்டி வடிவம். ஒரு நாடகக் குழுவில் எங்கள் சமூகத்தைச் சேர்ந்த முட்டாள் வேலைக்காரன் பாத்திரம் ஒன்று இருந்தது. என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு நடிப்பு வரும் என்பதால் இல்லை. "நீயே நடிச்சா யாரும் வாய் திறக்க முடியாதுல்ல?" என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். மறுத்துவிட்டேன். அன்று மாலைக்குள் எங்கள் ஆள் இன்னொருவரைப் பிடித்துவிட்டார்கள். வசனத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

எட்டு மணி ஷிப்ட்:

'சொந்த ஆளே சொன்னால் சரி' என்பதற்கு நான் அலுவலகத்தில் விலை கொடுத்திருக்கிறேன். எங்கள் இனத்து நகைச்சுவையாளர் ஒருவரின் வீடியோ துணுக்கு பரவிக்கொண்டிருந்த நேரம். சாப்பாட்டு மேசையில் ஒரு சக ஊழியர் அதைப் போட்டுக் காட்டினார், எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். நன்றாக எழுதப்பட்ட ஜோக் அது. மறுநாளிலிருந்து அதன் வரிகளை என்னைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். நான் தாமதமாக வந்தால் ஒரு வரி, காசைக் கணக்குப் பார்த்தால் ஒரு வரி. முகம் சுளித்தால், "உங்க ஆளே சொல்றாரே, உனக்கு என்ன?" என்பார். அந்தத் துணுக்கின் இரண்டாம் பாதியில் நகைச்சுவையாளர் திரும்பி, சிரித்த கூட்டத்தையே பிடித்து வாங்குவார். அந்தப் பாதியை அந்தச் சக ஊழியர் ஒரு நாளும் சொன்னதில்லை.

அமெரிக்கக் கறுப்பின நகைச்சுவையாளர் கிறிஸ் ராக்குக்கே இது நடந்திருக்கிறது. 1996-இல் தன் மக்களையே இரண்டு வகையாகப் பிரித்து அவர் செய்த பகுதிதான் அவரைப் பெரிய நட்சத்திரமாக்கியது. பின்னால் அதை மேடையில் செய்வதையே விட்டுவிட்டார். அதில் அவர் பயன்படுத்திய, கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் வசைச் சொல்லைத் தாங்களும் சொல்ல உரிமை கிடைத்துவிட்டதாகச் சில இனவெறியர்கள் எடுத்துக்கொண்டதுதான் அவர் சொன்ன காரணம். 2005-இல் இன்னொரு கறுப்பின நகைச்சுவையாளர் டேவ் சாப்பல் 5 கோடி டாலர் ஒப்பந்தத்தை விட்டுவிட்டுத் தன் நிகழ்ச்சியிலிருந்து வெளியேறினார். இனச் சித்திரிப்பைக் கிண்டல் செய்யும் ஒரு காட்சியைப் படமாக்கும்போது வெள்ளைக்காரர் ஒருவர் சிரித்த விதம் தன்னை உறுத்தியதாகப் பிறகு பேட்டியில் சொன்னார். சிரிக்க வைப்பதே தொழிலாக உள்ளவருக்கு ஒரு சிரிப்பு உறுத்தியிருக்கிறது. எனக்கு அது நன்றாகவே புரிகிறது.

புளிச்ச மோர்:

எல்லாவற்றுக்கும் புண்பட்டால் யார்தான் சிரிப்பது? வெள்ளைக்காரனுக்கு ஆடத் தெரியாது, காரம் தாங்காது என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், ஒரு பயல் கேட்க மாட்டான். அவன் திருப்பிச் சொன்னால் மட்டும் ஊரே கூடும். உண்மையான இரட்டை அளவுகோல் அதுதான். நான் பார்த்த எல்லா நிகழ்ச்சிகளிலும் இப்படித்தான்.

ரிமோட் யார் கையில்:

புளிச்ச மோர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அவ்வளவு தூரம் போவானேன்? நம் வீட்டு டிவி போதும். 1968-இல் வந்த 'படோசன்' இந்திப் படத்தில் மெஹ்மூத் குடுமி வைத்த தென்னிந்திய இசை ஆசிரியராக வருவார், இந்தியைக் கடித்துத் துப்புவார். அது ஓடினால் என் சித்தப்பா, "மதராசின்னா இவனுங்களுக்கு இளப்பம்" என்று சேனலை மாற்றுவார். மாற்றிய சேனலில் பழைய தமிழ்ப் படம், 'நம்பள்கி நிம்பள்கி' என்று பேசும் சேட்டு. ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு நிம்மதியாகப் பார்ப்பார். நான் சொல்லிப் பார்த்தேன். "அது வேற, இது சும்மா தமாஷ்" என்றார்.

சேட்டு ஜோக்கையாவது ஒரு வகையில் புரிந்துகொள்ளலாம். அவர் வட்டிக்கடைக்காரர், அடகு நகை அவரிடம் இருந்தது, கடன் வாங்கியவனுக்குச் சிரிப்புதான் மிச்சம். இப்போது அதே கொச்சைத் தமிழை வைத்து வரும் மீம்களில் இருப்பவர் யார்? கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளி. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஒன்று வருகிறது. பாதி சித்தப்பா அனுப்புவதுதான்.

மைக் கிடைத்தால் போதும்:

நான் மேடையில் நிற்கிறவன், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரரைப் பற்றிய ஜோக்கை யாரும் தட்டிக் கேட்பதில்லை என்பது உண்மை. ஆடத் தெரியாதவன் என்ற ஜோக்கால் அவருக்கு வாடகை வீடு கிடைக்காமல் போவதில்லை, அதுதான் காரணம். பிபிசியில் 1998-இல் 'குட்னஸ் கிரேஷியஸ் மீ' என்ற தொலைக்காட்சித் தொடர் வந்தது. பிரிட்டனில் குடித்துவிட்டு இந்திய உணவகத்துக்குப் போய் அலம்பல் செய்யும் வெள்ளைக்காரர்களை அப்படியே தலைகீழாக்கியிருப்பார்கள். பம்பாயில் ஓர் இந்தியக் கும்பல் குடித்துவிட்டு ஆங்கில உணவகத்துக்குப் போகும், வெயிட்டர் பெயரைக் கொல்லும், இருப்பதிலேயே சப்பென்ற பண்டம் எது என்று கேட்கும். இனக் கிண்டல்தான். ஆனால் அடி விழுவது ஆங்கிலேயரின் நிறத்தின் மேல் இல்லை, அவர்களில் சிலர் நடந்துகொள்ளும் விதத்தின் மேல்.

ஆனால் இந்த வாதத்தைக் கவசமாக வைத்துக்கொண்டு எங்கள் ஆட்கள் ஆடும் ஆட்டத்தையும் பார்த்திருக்கிறேன். ஒரு நிறுவன விழா. முன்வரிசையில் வெள்ளைக்கார ஊழியர் ஒருவர், அந்த அரங்கில் அவர் ஒருவர்தான். முதலில் ஏறிய எங்கள் ஆள் அவருடைய வெயில்பட்டுச் சிவந்த கழுத்தைக் கிண்டல் செய்தார், அவரும் மனம்விட்டுச் சிரித்தார். அடுத்தவரும் அவரையே பிடித்தார். அதற்கடுத்தவர் வந்தபோது அவர் பற்களால் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். உலகத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பது ஒரு கணக்கு. அந்த அறையில் யார் தனி ஆள் என்பது இன்னொரு கணக்கு. மேடையேறுகிறவன் இரண்டையும் பார்க்க வேண்டும். நான் அவரை விட்டுவிட்டு மனிதவளத் துறையைப் பிடித்தேன், அன்றைக்கு அதிகம் சிரித்தது அவர்தான்.

'ஏத்துங்க சார்' சொன்னதற்கு ஒரு தகவல். புதியவர்களுக்கு நாங்கள் நடத்தும் பயிற்சியில், இனம் தொடர்பான ஜோக்கை எழுதியவர் வாசிக்கக் கூடாது. வேறொருவர், உச்சரிப்பு எதுவும் போடாமல், செய்தி வாசிப்பதுபோல வாசிப்பார். ஒரு பையன் ஐந்து நிமிடப் பகுதி கொண்டுவந்தான், நாலு இனத்தார் அதில் வந்து போனார்கள். வாசித்து முடித்தபோது மிஞ்சியது ஒன்றரை வரி. முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தான். அந்த ஒன்றரை வரி அவனுடைய பாட்டி விசா அலுவலகத்தில் கைநாட்டு வைத்தது பற்றியது. இப்போது அதை மட்டும் வைத்து எட்டு நிமிடம் செய்கிறான்.