டிரெய்லர் மாட்டும் முன்

குழு: பெரிய வீடு, வீரவநல்லூர்

இசக்கி: ஞாயிற்றுக்கிழமை முக்கூடலில் வளைகாப்பு. பாத்திரங்களையும் நாற்காலிகளையும் கொண்டுபோக நம் டிராக்டரும் டிரெய்லரும் வேண்டும், சித்தப்பா.

சித்தப்பா: வண்டி டிரெய்லர் மாட்டும் நிலையில் இல்லை, இசக்கி. நேற்று வயலைச் சேறாக்கும் தொழி உழவு முடித்துக் கன்னடியன் கால்வாய்க் கரையில் திரும்பி வரும்போது பிரேக்கை மிதித்ததும் இடப்பக்கமாக இழுத்தது. ஸ்டீயரிங்கை நான்கு விரல் அளவு திருப்பினாலும் முன்சக்கரம் அசையவில்லை.

சங்கரன் அத்தான்: சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். காய்ந்தால் சரியாகும்.

சித்தப்பா: மெதுவாக ஓட்டியபடியே லேசாக மிதித்து உலர்த்திப் பார்த்துவிட்டேன், மாப்பிள்ளை. நம்முடையது பழைய வண்டி; எண்ணெயில் மூழ்கிய பிரேக் அன்று. வயலில் இரண்டு பிரேக் பெடல்களையும் இணைக்கும் கொண்டியை எடுத்துவிட்டு எந்நேரமும் ஒரே பக்கத்துப் பெடலை மிதித்துத் திருப்புவதால் அந்தப் பக்கத்துப் பிரேக்கில் உரசிப் பிடிக்கும் லைனிங் முன்னதாகத் தேய்கிறது. பிறகு சாலையில் கொண்டி போட்டு இரண்டையும் சேர்த்து மிதித்தாலும் ஒரு சக்கரம் பிடிக்கும், மற்றது பிடிக்காது. பின்னால் பாரத்தோடு டிரெய்லர் தள்ளிக்கொண்டு வந்தால் வண்டி கால்வாய்க்குள் போய்விடும்.

செல்வி மதினி: மாமா, பெண்கள் 8 பேரும் டிரெய்லரிலேயே வரலாம் என்று இருந்தோமே.

சித்தப்பா: பிரேக் சரியானாலும் டிரெய்லரில் ஆள் ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன், அம்மா. வேன் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆச்சி: பிள்ளைத்தாய்ச்சி வீட்டுக் காரியம். அவன் சொல்வதைக் கேளுங்கள்.

இசக்கி: பெடல் கம்பியை முறுக்கிச் சமமாக வைத்தால் போதாதா?

சித்தப்பா: லைனிங் மிச்சம் இருந்தால் போதும். அப்படி வைத்த பிறகும் ஆள் நடமாட்டமில்லாத சமதரையில் மெதுவாக ஓட்டி மிதித்துப் பார்த்து, பின்சக்கரங்கள் மண்ணில் இழுத்த தடம் இரண்டும் ஒரே நீளம்தானா என்று இறங்கிப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங்கிற்கு, ஒருவர் மேலே உட்கார்ந்து வளையத்தை இருபுறமும் அசைக்க, இன்னொருவர் குனிந்து, முன்சக்கரங்களைத் திருப்பும் கம்பியான டை ராடின் முனைகளைக் கவனிக்கட்டும். அந்த முனையில் உள்ள உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட்டுக்குள் ஆட்டம் தெரிந்தால் மாற்றியே தீர வேண்டும். தேய்ந்ததைக் கிரீஸ் சரிசெய்யாது. நல்ல முனை என்றால், கிரீஸ் ஏற்றும் சிறு வாயான நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்து, பழைய கறுப்புக் கிரீஸ் சேற்றோடு வழியும்வரை அடிக்க வேண்டும். தொழி உழவுக் காலத்தில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

சங்கரன் அத்தான்: செலவு யார் கணக்கு? போன தடவை ஸ்டீயரிங் பெட்டிக்கு நான்தான் கொடுத்தேன்.

பெரியப்பா: அதை இங்கே எழுத வேண்டாம், மாப்பிள்ளை. நேரில் பேசுவோம்.

சங்கரன் அத்தான்: மூன்று வீட்டு வண்டி என்பதால்தான் மூன்று வீடும் பார்க்கிற இடத்தில் கேட்கிறேன்.

இசக்கி: மெக்கானிக் வெள்ளிக்கிழமை வருகிறார். லைனிங் அம்பாசமுத்திரத்தில் கிடைத்தால் அன்றே முடித்துவிடுவாராம்.

சித்தப்பா: இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றச் சொல். ஒரு பக்கம் மட்டும் புதிது போட்டால் மறுபடியும் இழுக்கும். அதுவரை சாவி என்னிடம் இருக்கட்டும்.

செல்வி மதினி: அப்படியானால் நாற்காலிகளுக்கு வேறு வண்டி பேசவா, வேண்டாமா?

பெரியப்பா: வெள்ளிக்கிழமை மாலை சொல்கிறேன்.