பிச்சாவரத்தில் நண்டு ஆய்வு: கேள்வி முதலா, களம் முதலா?

கேள்வி: முதுநகர்ப் பெண்

எல்லோருக்கும் வணக்கம். ஊர் கடலூர் முதுநகர். எம்.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு இந்த வருடம் பிஎச்.டி. சேர்ந்திருக்கிறேன். பிச்சாவரத்தில் மீட்டெடுக்கப்பட்ட அலையாத்திக் காட்டையும் பழைய காட்டையும் பிடில் நண்டுகளை (ஆணுக்கு ஒரு கை மட்டும் பெரிதாக இருக்கும் சிறு நண்டு) வைத்து ஒப்பிடுவது என் தலைப்பு.

கைடு, "முதல்ல களத்துக்குப் போம்மா, டேட்டா எடு, கேள்வி தானா வரும்" என்கிறார். லேபில் இருக்கும் சீனியர் அக்கா, "கேள்வி இல்லாமப் போனா மூணு வருஷம் சேத்துலயே போயிடும்" என்கிறார். இருவரும் என் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

இப்போதைக்கு என் திட்டம்: மீட்டெடுத்த இடம் ஒன்று, பழைய காட்டில் ஓரிடம், இரண்டிலும் முப்பது முப்பது குவாட்ராட் (நண்டை எண்ண மண்ணில் வைக்கும் சதுரச் சட்டம்). மழைக்கு முன்னால் தொடங்க ஆசை.

இன்னொன்று. பணம் கட்டினால் சில நாளில் கட்டுரை வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் வந்துகொண்டே இருக்கிறது. கட்டுரை இல்லாமல் தீசிஸ் கொடுக்க முடியாது என்று கூடப் படிப்பவர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மைதானா?

பதில்: கழிமுகம்

நான் புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் சூழலியல் நடத்துகிறேன். என் பிஎச்.டி. பிச்சாவரத்துக்குப் பக்கத்து வெள்ளாற்று முகத்துவாரத்தில். அதனால் உங்கள் சேறு எனக்குப் பழக்கம்.

இருவர் சொல்வதும் சரிதான். களத்துக்கு உடனே போங்கள், ஆனால் டேட்டா எடுக்காதீர்கள். குவாட்ராட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தோடு மட்டும் போங்கள். எந்தக் கால்வாயில் தண்ணீர் ஏறுகிறது, எங்கே தேங்கி நிற்கிறது, நண்டு நிழலில் இருக்கிறதா வெயிலில் இருக்கிறதா என்று பாருங்கள். கேள்வி அங்கேதான் பிறக்கும். அது பிறந்த பிறகுதான் எண்ண வேண்டும்.

இப்போது உங்கள் திட்டம். முப்பது குவாட்ராட் போட்டாலும் உங்களிடம் இருப்பது ஒரு மீட்டெடுத்த இடம், ஒரு பழைய இடம். அவ்வளவுதான். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் அது மீட்டெடுத்ததால் வந்ததா, அந்த இடத்தின் வாகால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. சூழலியலாளர் ஹர்ல்பர்ட் 1984இல் இதற்கு 'சூடோரெப்ளிகேஷன்' என்று பெயர் வைத்து எழுதிய கட்டுரையை இந்த வாரமே படியுங்கள். நாற்பது வருடம் ஆகியும் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இன்றைக்கும் இதைக் கேட்கிறார்கள். மீட்டெடுத்த கால்வாய்ப் பகுதி ஐந்து, பழைய காட்டில் ஐந்து, ஒவ்வொன்றிலும் ஆறு குவாட்ராட். மொத்தம் அதே அறுபது, உழைப்பும் ஏறக்குறைய அதே. ஆனால் இப்போது ஒரு பக்கத்துக்கு ஐந்து இடம் கிடைக்கிறது. ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் மிக்ஸட் மாடல் போடும்போது இடத்தை ரேண்டம் எஃபெக்டாகக் கொடுங்கள், ஒரே இடத்துக் குவாட்ராட்டுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதை அது கணக்கில் எடுக்கும்.

பிச்சாவரத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. அங்கே காடு அழிந்த விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் அது பிடிபடும். பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கி, பகுதி பகுதியாக மொட்டை அடித்து மரம் வெட்டினார்கள். நிழல் போனதும் மண் காய்ந்து அமுங்கித் தாம்பாளம் மாதிரி பள்ளமானது. ஓதத்தில் (கடல் ஏற்றத்தில்) வந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு ஏறிப்போனது. அந்த மண்ணில் விதை ஊன்றவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவத்தில் கால்வாய் வெட்டி, ஓதநீர் வந்து போக வழி செய்து நட்டார்கள். நட்டதில் பெரும்பகுதி வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம்.

பழைய காட்டில் படகில் போனால் கண்ணில் படுவது ஓடைக்கரைச் சுரபுன்னை. அங்கே குவாட்ராட் போட்டு, உள்ளே இருக்கும் வெண்கண்டல் நடவோடு ஒப்பிட்டால், நீங்கள் ஒப்பிடுவது கரையையும் உள்பகுதியையும்தான். பழைய காட்டிலும் உள்ளே இருக்கும் வெண்கண்டல் பகுதியையே தேடுங்கள். நடப்பது கஷ்டம்தான், இருந்தாலும் தேடுங்கள். பிடில் நண்டு மண்மேல் படியும் நுண்பாசியைத் தின்பது, பாசிக்கு வெளிச்சம் வேண்டும். ஆகவே ஒவ்வொரு குவாட்ராட்டிலும் மேலே கிளை எவ்வளவு மூடியிருக்கிறது என்பதையும் மண்ணீரின் உப்பையும் கட்டாயம் பதியுங்கள்.

எண்ணும்போது சட்டத்தை வைத்துவிட்டுத் தள்ளிப்போய் அசையாமல் உட்காருங்கள். நீங்கள் நடந்த அதிர்விலேயே எல்லாம் வளைக்குள் போயிருக்கும். முதலில் ஒரு கண் எட்டிப் பார்க்கும், அப்புறம் பெரிய கை, அப்புறம் கும்பலாக வெளியே வரும். பைனாகுலரில் எண்ணுங்கள். வளைகளை மட்டும் எண்ணி நண்டுக் கணக்குச் சொல்லாதீர்கள், காலி வளை நிறைய இருக்கும். தினமும் ஒரே மணிக்குப் போவதும் ஆகாது. வற்றம் (ஓதம் இறங்கும் நேரம்) நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஓத அட்டவணையைப் பார்த்து நாள் குறியுங்கள்.

பழைய கட்டுரைகளில் எல்லாம் பிடில் நண்டின் பேரினப் பெயர் 'யூகா' என்றே இருக்கும். 2016இல் அந்தப் பேரினத்தைப் பல பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள், அன்னுலிபெஸ் என்ற இனம் இப்போது 'ஆஸ்ட்ருக்கா'வில் இருக்கிறது. இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

பதில்: கிள்ளைக்காரன்

கழிமுகம் அக்கா சொன்னதோடு ரெண்டு விஷயம். பிச்சாவரம் காப்புக்காடு. வனத்துறை அனுமதி கையில் இல்லாமல் ஒரு நண்டைக்கூட எடுக்காதீர்கள். கைடின் கடிதத்தோடு இப்போதே விண்ணப்பியுங்கள், வர நாளாகும். தில்லை மரத்துக் கிளையை ஒடிக்க வேண்டாம், பால் கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்க முடியாது.

கையால் தடவி இறால், நண்டு பிடிக்கிற இருளர் குடும்பங்கள் இந்தப் பக்கம் இருக்கின்றன. எந்த மாசம் எந்த ஓடையில் நண்டு ஏறும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. கூட வந்து வழி காட்டினால் நாள்கூலி கொடுங்கள். தீசிஸில் நன்றிப் பக்கத்தில், அவர்கள் சம்மதித்தால், பெயரோடு எழுதுங்கள். எங்க ஊருக்கு வந்து கேட்டுத் தெரிந்துகொண்டு போனவர்கள் பல பேர், பெயரைப் போட்டவர்கள் ரொம்பக் குறைவு. அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பதில்: காலாப்பட்டு

கட்டுரை விஷயம். யு.ஜி.சி.யின் 2022 பிஎச்.டி. விதிமுறைகளில் தீசிஸ் கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கலாம். சேர்ந்த ஆண்டின் ஆர்டினன்ஸை (பல்கலைக்கழக விதித்தொகுப்பை) கேட்டு வாங்கிப் படியுங்கள், நண்பர்கள் வாய்வழிச் செய்தியை நம்பாதீர்கள். குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு, பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு வரை சலுகை உண்டு. அவசரப்படக் காரணமே இல்லை. அந்த மின்னஞ்சல்களுக்குப் பதிலே போடாதீர்கள். நீங்கள் படிக்கும் நல்ல கட்டுரைகள் எந்த இதழில் வருகின்றனவோ அங்கே அனுப்புங்கள்.

முதுநகர்ப் பெண்

ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. கைடிடம் பேசினேன். ஐந்துக்கு ஐந்து என்றதும் படகுச் செலவு கட்டுப்படியாகுமா என்றார். நான்கு நான்காகக் குறைத்தால் தப்பா? மழையில் என்ன செய்வது?

கழிமுகம்

நான்கு போதும். இடத்தைக் குறைக்காமல் குவாட்ராட்டைக் குறைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள், ஐந்து இடத்தில் நான்கு நான்கு போட்டாலும் நல்லதே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெள்ளாற்றிலும் கொள்ளிடத்திலும் நல்ல தண்ணீர் இறங்கி உப்பு சரிந்துவிடும். அதைத் தனிப் பருவமாக வையுங்கள், கோடையோடு கலக்காதீர்கள். மழைக்கு முன் அனுமதி வராவிட்டால் கவலை வேண்டாம். அந்த மாதங்களில் ஆர் பழகுங்கள், ஆண் நண்டின் பெரிய கையையும் இனப்பெருக்க உறுப்பான கோனோபாடையும் வைத்து இனம் பிரிக்கப் பழகுங்கள். சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது, ஐயம் வரும் மாதிரிகளை அங்கே காட்டலாம். இடங்களைத் தேர்ந்ததும் வரைபடத்தை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.