பதில்: கண்டென்சருக்குத் தமிழில் என்ன? 'உமிழ்சுருள்' சரிப்படுமா?

வணக்கம்.

ஏசியின் பின்பக்கத்தில் வெப்பத்தை வெளியே விடுகிற சுருளைக் கண்டென்சர் என்கிறோம். அதற்குத் தமிழில் 'குளிர்விப்பான்' என்பதே போதும் என்று ஐயா ஒருவர் போன மடலில் எழுதியிருந்தார். எனக்கு அது சரியாகப் படவில்லை. சென்ற வாரம் அக்கா வீட்டில் நடந்ததைச் சொன்னால் காரணம் புரியும்.

வாடகை வீடு, சுவரில் துளை போட விடமாட்டார்கள் என்று அக்கா உருட்டி நகர்த்துகிற ஏசி வாங்கி வைத்திருக்கிறார். காற்று வருகிறது, குளிர்ச்சி இல்லை. கம்ப்ரசர் 'ம்ம்ம்' என்று முனகும், நாலைந்து நொடியில் 'டிக்' என்று அடங்கிவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே முனகல். பார்க்க வந்த மெக்கானிக் தம்பி, "கண்டென்சர் போச்சுக்கா" என்றார். அக்கா அதைப் பின்பக்கச் சுருள் என்று எடுத்துக்கொண்டார். சுருளை மாற்றுகிற செலவுக்குப் புது ஏசியே வாங்கிவிடலாம் என்று எனக்குப் போன் செய்தார்.

தம்பி சொன்னது மின்தேக்கியை (கெப்பாசிட்டர்), அதாவது கம்ப்ரசர் ஓடத் தொடங்க உதவுகிற சிறு பாகத்தை. ஃபேனில் இருக்கிற மின்தேக்கியையும் நம் ஊரில் கண்டென்சர் என்றுதானே கேட்டு வாங்குகிறோம். கழற்றிப் பார்த்தால் அதன் தலை உப்பியிருந்தது. மேலே அதன் மின்தேக்கும் அளவு 35 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது, மீட்டர் 9 காட்டியது. சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது. (பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் அதில் கை வைக்க வேண்டாம்.)

மின்தேக்கிக்குப் பெயர் இருக்கிறது. இலங்கை நண்பர்கள் கொள்ளளவி என்பார்கள், அதுவும் நல்ல சொல்தான். சிக்கல் அந்தச் சுருளுக்குத்தான்.

குளிர்விப்பான் என்றால் யாரும் முன்பக்கத்துச் சில்லென்ற சுருளைத்தான் நினைப்பார்கள். மெக்கானிக்குகள் 'கூலிங் காயில்' என்பதும் அதைத்தான். இலங்கை வழக்கான 'ஒடுக்கி', இயற்பியல்படி பிழையில்லாத சொல். ஏசியின் குழாய்களுக்குள் சுற்றி ஓடுகிற குளிர்பொருள் வாயுவாக வந்து திரவமாக ஒடுங்குவது அந்தப் பின்சுருளில்தான். ஆனால் இந்த வகை ஏசியைத் திறந்து பாருங்கள். அறைக் காற்றிலிருக்கிற ஈரம் நீராக ஒடுங்குவது 'ஆவியாக்கி' எனப்படும் அந்த முன்பக்கச் சுருளின் மேல். பல மாடல்களில் ஒரு சிறு சக்கரம் அந்த நீரை வாரிச் சூடான பின்சுருள்மேல் அடிக்கிறது. அங்கே அது ஆவியாகி, வெக்கையோடு குழாய் வழியே ஜன்னலுக்கு வெளியே போகிறது. கண்ணுக்குத் தெரிகிற நீர் ஆவியாக்கியில் ஒடுங்கி, ஒடுக்கியில் ஆவியாகிறது! திருப்புளியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறவர் எதை எதுவென்று புரிந்துகொள்வார்?

அதனால் வெப்பத்தை வைத்தே பெயரிடலாம் என்கிறேன்: உமிழ்சுருள். எச்சில் நினைவு வருகிறது என்று யாரேனும் சொல்லக்கூடும். 'ஒளி உமிழ் டையோடு' என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோமே. பழுதைச் சொல்லவும் இது தோதாக இருக்கிறது: 'உமிழ்சுருளில் தூசி அடைத்தால் வெப்பம் வெளியே போகாது, கம்ப்ரசர் சூடேறி நின்றுவிடும்.' அக்காவின் ஏசியிலும் அந்த அடைப்பு இருந்தது. வெறும் தூசி இல்லை, சக்கரம் அடித்த நீரில் குழைந்து, தகடுகளுக்கு நடுவே சேறாகக் காய்ந்து கிடந்தது. தகடு மடங்காமல் மேலிருந்து கீழாகப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தே ஒரு மணி நேரம் போனது.

இன்னொரு வசதி. சூடேற்றவும் செய்கிற சில ஏசிகளில் குளிர்பொருள் திசை மாறி ஓடும். அப்போது முன்சுருள்தான் வெப்பத்தை உமிழும். வேலையை வைத்து வந்த பெயர் என்பதால் அங்கேயும் பொருந்தும்.

அப்புறம், வெப்பத்தை உள்ளிழுக்கிற மற்றச் சுருளுக்கும் இதற்கு இணையாக ஒரு சொல் வேண்டும். 'உறிசுருள்' என்று முதலில் எழுதினேன், உடனே தயிர்ப்பானை தொங்குகிற உறி ஞாபகத்துக்கு வந்துவிட்டது. 'உறிஞ்சுசுருள்' வாயில் இடறுகிறது. இப்போதைக்கு 'கவர்சுருள்' என்று குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் கவர் என்பதை உறை என்று படித்துவிடுவார்களோ என்று தயக்கமாக இருக்கிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.