.44 மேக்னம் ரிவால்வர்: எல்லாம் இடப்பக்கம் கீழே போகிறது, மான் சீசனுக்குள் சரிசெய்ய முடியுமா?

ஈரிக்கரை:
வணக்கம். ஓஹையோவில் இந்த முறை வெண்வால் மான் வேட்டைக்கு ரிவால்வரோடு போக எண்ணம். ரூகர் சூப்பர் ரெட்ஹாக், .44 மேக்னம், 7.5 அங்குலக் குழல், இரும்பு சைட் (குறிபார்க்கும் முனைகள், லென்ஸ் இல்லை), 240 கிரெய்ன் (குண்டின் எடை) சாஃப்ட் பாயின்ட் தோட்டா. வலக்கைக்காரன். மணல் மூட்டையில் குழலைச் சாய்த்து 25 கஜத்தில் சுட்டாலும் 6, 7 அங்குலம் இடப்பக்கம் கீழே, அதுவும் சிதறலாக விழுகிறது. பின் சைட்டை வலப்பக்கமாகவும் மேலேயும் திருப்பிப் பார்த்தேன். முதல் இரண்டு சரியாகப் போனது, பிறகு பழையபடி. சைட் கோளாறா? சிறிய தோட்டாவான .357-க்கு இறங்கிவிடலாமா? பெரிய .460 எடுத்தால் தூரம் கிடைக்கும் என்றும் சொல்கிறார்கள்.

ஆறறை:
சைட்டை இனித் தொடாதீர்கள். சைட் தவறாக இருந்தால் அடிகள் ஒரே இடத்தில் கூட்டமாக விழுந்து, அந்தக் கூட்டம் விலகி நிற்கும். வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் கீழே சிதறினால் 10-க்கு 9 இடத்தில் காரணம் ஃப்ளின்ச்தான். வெடிக்கப் போகிறது என்று தெரிந்ததும் கை முன்கூட்டியே குழலைக் கீழே அமுக்குகிறது, விரல் விசையைப் பிடுங்குகிறது.

சோதிப்பது எளிது. ரேஞ்சில் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, சிலிண்டரில் 2 நிஜத் தோட்டா, 4 டம்மி தோட்டா (மருந்தில்லாத, வெடிக்காத போலி) போடச் சொல்லுங்கள். வரிசை உங்களுக்குத் தெரியக் கூடாது. ஹாமரை (பின்னாலுள்ள சுத்தியலை) ஏற்றி, முன் சைட்டை மட்டும் பார்த்துக்கொண்டு விசையை மெல்ல அழுத்துங்கள். டம்மி விழும்போது முன் சைட் அசையாமல் நின்றால் பிழை வேறெங்கோ இருக்கிறது. முங்கினால் விடை கிடைத்துவிட்டது.

காதைச் சரியாக மூடாதவர்களுக்கு இந்தப் பதற்றம் போகவே போகாது. உடம்பு அஞ்சுவது உதைப்புக்கு மட்டும் இல்லை, சத்தத்துக்கும்தான். காதுக்குள் பஞ்சடைப்பான், அதன்மேல் மஃப் (காதை மூடும் கவசம்), இரண்டும் வேண்டும். கண்ணாடியும் கட்டாயம்.

கருமருந்து:
ஆறறை சொன்னதோடு, குழலை மூட்டைமேல் வைப்பதை நிறுத்துங்கள். குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள் துப்பாக்கி எழும்பத் தொடங்கிவிடும். கெட்டியான தாங்கலில் குழல் துள்ளி, கையில் பிடித்துச் சுடும்போது போகிற இடத்துக்குப் போகாது. மணிக்கட்டையும் பிடியின் அடியையும் மூட்டையில் வையுங்கள், குழல் காற்றில் நிற்கட்டும். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் சூடான வாயு பக்கவாட்டில் பீய்ச்சும். மூட்டைத் துணியையே அது கிழித்துவிடும். அதற்கு நேராகவோ முன்னாலோ இடக்கை விரலோ கட்டைவிரலோ எந்த நிலையிலும் போகக் கூடாது.

பிடியை முடிந்தவரை உயரத்தில் பிடியுங்கள். கை தாழ்ந்தால் துப்பாக்கி அதிகமாகத் துள்ளி, ஒவ்வொரு முறையும் பிடி நழுவி மாறும். "முதல் இரண்டு சரி, பிறகு பழையபடி" என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

காட்டோரம்:
துப்பாக்கியை மாற்ற வேண்டாம். உங்களுடையது சுமார் 1.5 கிலோ எடை, கற்றுக்கொள்ள நல்ல கனம். .357-ஐ ஓஹையோ அனுமதிக்கிறது. ஆனால் மானுக்கு அது கிட்டத்தில், நல்ல குண்டோடு மட்டும் போதுமானது. .460, .500 இரண்டும் கற்கும் கைக்கு உரியவை அல்ல. தோட்டாவுக்கு இருக்கிற தூரம் சுடுகிறவருக்கு வந்துவிடாது.

கையில் இருக்கும் துப்பாக்கியிலேயே .44 ஸ்பெஷல் (மேக்னத்தைவிட மென்மையான, குட்டையான தோட்டா) போடலாம். 240 கிரெய்ன் குண்டு, வினாடிக்கு 750 அடி போல. மேக்னத்துக்கு 1,350 அடி என்று வைத்தால், இதே துப்பாக்கியில் உதைப்பின் ஆற்றல் ஏறக்குறைய கால் பங்கு. முதல் இரண்டு வாரம் முழுக்க ஸ்பெஷல். அடுத்து 5 ஸ்பெஷலுக்கு நடுவே 1 மேக்னம் எங்கிருக்கிறது என்று தெரியாமல். ஒரே நாளில் 20 மேக்னத்துக்கு மேல் வேண்டாம். களைத்த கை கெட்ட பழக்கத்தைத்தான் கற்கும். வீட்டில் தினமும் 20 முறை டம்மி போட்டு வெறும் விசை. நிஜத் தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

ஈரிக்கரை:
சோதித்தேன். டம்மியில் முன் சைட் நன்றாகவே முங்கியது. ஸ்பெஷலில் 25 கஜத்தில் 3 அங்குலத்துக்குள் வருகிறது, ஆனால் உயரம் மேக்னத்தோடு பொருந்தவில்லை. இன்னொன்று: ஸ்பெஷல் 60 சுட்ட பிறகு மேக்னம் தோட்டா முழுசாக உள்ளே போகாமல் நிற்கிறது. தள்ளி உட்கார வைக்கலாமா?

கருமருந்து:
தள்ளாதீர்கள்! ஸ்பெஷலின் உறை நீளம் 1.160 அங்குலம், மேக்னம் 1.285. அந்த 1/8 அங்குல வித்தியாசத்தில், சிலிண்டரில் தோட்டா உட்காரும் அறைக்குள் கரியும் ஈயமும் வளையமாகப் படியும். மேக்னம் உறையின் வாய் அந்த வளையத்தில் முட்டுகிறது. வலிந்து ஏற்றிச் சுட்டால் வாய் விரிந்து குண்டை விட இடமின்றி அழுத்தம் ஏறும். .45-க்கான வெண்கலப் பிரஷ்ஷைச் சால்வென்டில் (துப்பாக்கி சுத்தம் செய்யும் திரவத்தில்) நனைத்து 6 அறைகளையும் பின்பக்கமிருந்து தேயுங்கள். ஒவ்வொரு ஸ்பெஷல் நாளுக்குப் பிறகும் இதைச் செய்துவிட வேண்டும்.

காலி உறைகளைக் குழல் வானம் பார்க்க நிறுத்தி வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் எரியாத மருந்துத் துகள் உறைகளை வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரத்துக்கு அடியில் போய், சிலிண்டர் இறுகிவிடும்.

உயரம் மாறுவது இயல்பு. வேகமும் உதைப்பும் மாறினால் குண்டு வெளியேறும் நொடியில் குழல் நிற்கும் கோணமும் மாறும். ஸ்பெஷலை வைத்து சைட் செய்யாதீர்கள். வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே தோட்டாவை வைத்து மட்டும்.

ஆறறை:
பதற்றம் அடங்கிய பிறகு சைட்டுக்கு வரலாம். 50 கஜத்தில் 6 குண்டு சுட்டு, கூட்டத்தின் நடுவை அளந்துகொள்ளுங்கள். விலகலை சைட்டுகளின் இடைவெளியால் பெருக்கி, தூரத்தால் வகுக்க வேண்டும், எல்லாமே அங்குலத்தில். இடைவெளி 9.5 அங்குலம், விலகல் 4 அங்குலம், 50 கஜம் என்றால் 1,800 அங்குலம்: பின் சைட் நகர வேண்டியது 0.021 அங்குலம். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே பின் சைட்டை நகர்த்துங்கள்.

50-இல் சரியாக வைத்தால் 75-இல் 2 அங்குலமும், 100-இல் 5, 6 அங்குலமும் கீழே விழும்.

காட்டோரம்:
பெஞ்சை விட்டு எழுந்த பிறகுதான் தூரம் தெரியும். 8 அங்குலக் காகிதத் தட்டு, மானின் நெஞ்சளவு. தரையில் உட்கார்ந்து, கவைக்கோலில் கையைத் தாங்கி 6 குண்டு. ஆறும் தட்டுக்குள் விழும் தூரம்தான் உங்கள் எல்லை, 5 விழுந்தால் 10 கஜம் குறைத்துக்கொள்ளுங்கள். 40 கஜம் என்று வந்தால் 40-தான். காயம்பட்டு ஓடும் மானின் வேதனை நம் பொறுப்பு.

பக்கவாட்டில் நிற்கும் மான், முன்காலுக்குச் சற்றுப் பின்னே, உடம்பின் கீழ் மூன்றிலொரு பங்கில். நேர் எதிரே நின்றால் சுடாதீர்கள். அடித்ததும் அது ஓடி மறைந்தால், நின்ற இடத்தைக் குறித்து வைத்து அரைமணி நேரம் கழித்துத் தேடுங்கள்.

ஓஹையோ விதியில் குழல் குறைந்தது 5 அங்குலம், நேர்சுவர்த் தோட்டா (கழுத்தில் குறுகாத உறை), .357 அல்லது பெரியது. உங்களுடையது பொருந்தும். இருந்தாலும் அந்தந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் பாருங்கள். எச்-1பி போன்ற விசாவில் வேலை பார்க்கிறவர்கள் கவனிக்க: துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டரசுச் சட்டம் தடை போடுகிறது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விலக்குகள் இருந்தாலொழிய. கிரீன் கார்டுக்கு அந்தத் தடை கிடையாது.

ஈரிக்கரை:
நன்றி. கடைசியாக ஒன்று: நடக்கும்போது 6 அறையிலும் தோட்டா இருக்கலாமா?

ஆறறை:
உங்கள் மாடலில் டிரான்ஸ்ஃபர் பார் இருக்கிறது. விசையை இழுத்தால்தான் ஹாமரின் அடி, தோட்டாவைத் தட்டும் ஃபயரிங் பின்னுக்குப் போகும், எனவே 6 இருக்கலாம். ஆனால் 1973-க்கு முந்தைய, ஹாமரைக் கையால் ஏற்றினால் மட்டும் சுடும் ரூகர் சிங்கிள் ஆக்‌ஷனை யாராவது இரவலாகத் தந்தால், மாற்றியமைக்காதது என்றால், 5 மட்டும். ஹாமர் காலி அறைமேல் நிற்க வேண்டும்.