மறு: ‘பேஸ் வெயிட்’: தீராப்பொதி எனலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

> ‘பேஸ் வெயிட்’ = அடிப்படை எடை. மலைநடைக் கையேட்டில் இதையே வைத்துக்கொள்ளலாம்.

இதை ஏற்க எனக்கு மனமில்லை. அடிப்படை என்றதும் இன்றியமையாதது என்றே படிப்பவர் கொள்வார். பேஸ் வெயிட்டோ அப்படியல்ல. உணவு, தண்ணீர், எரிபொருள் என வழியில் செலவாகிறவற்றைக் கழித்தபின் பையில் மிஞ்சும் அத்தனையும் அதில் அடக்கம். தேவையே இல்லாத மூன்றாவது சட்டையும்கூட. அது 10 பவுண்டுக்குள், அதாவது சுமார் 4.5 கிலோவுக்குள் நின்றால் ‘அல்ட்ராலைட்’, அதாவது மிக இலகுவான பொதி என்கிறார்கள்.

ஆகவே இணையாக இரண்டு சொற்களை முன்வைக்கிறேன். செலவாகித் தீர்வது தீர்பொதி. கடைசிவரை கூடவே வருவது தீராப்பொதி. முன்னது வினைத்தொகை, வல்லினம் மிகாது, பின்னதில் மிகும். ‘பொதி’ கழுதையை நினைவூட்டுவதாகத் தயங்க வேண்டாம். பொதிசோறு என்று உணவுக்கே வழங்கிய சொல் அது.

ஒரு சொல் போதாதா என்று கேட்கலாம். போதாது. குளிர்பான டின்னை வெட்டிச் செய்யும் ஸ்பிரிட் அடுப்பைப் பாருங்கள். அடுப்பின் எடை சில கிராம்தான், தீராப்பொதி இளைத்துவிடும். ஆனால் ஒரே எடைக்கு ஸ்பிரிட் தரும் வெப்பம், காஸ் தருவதில் ஏறத்தாழப் பாதி. நாட்கள் கூடக்கூடத் தீர்பொதி பெருகும். ஒற்றை எண்ணை மட்டும் பார்த்து மகிழ்பவருக்கு இது கண்ணில் படாது. எடை குறைக்கப் பல்துலக்கும் பிரஷ்ஷின் காம்பை அறுத்து மிச்சம் பிடித்தவர், குமரி மாவட்டத்து மருந்துவாழ்மலையில் வெயிலேறும்போது சுமக்க வேண்டிய ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதையும் கணக்கில் எழுதட்டும். அந்தத் தண்ணீரைக் குறைக்கவும் கூடாது.

அடுப்பே இல்லாமல் ஊறவைத்து உண்ணும் உத்தியை முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். அவலும் கருப்பட்டியும் தேங்காயும் நம்மிடம் இருக்கின்றன. காட்டில் தீ வைக்கும் அபாயமும் இல்லை.

எடை குறைக்கத் தரைவிரிப்பு இல்லாமல் தார்ப்பாயை மட்டும் கட்டும் கூடாரத்தின் கதை வேறு. கலிபோர்னியாவின் வறண்ட கோடைக்கு அது பொருந்தலாம். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. கீரிப்பாறை, காளிகேசம் பக்கத்து ஈரச் சருகில் அட்டை ஊரும். அங்கே தரைவிரிப்பை விட்டுவரச் சொல்லும் அறிவுரை நம் கையேட்டில் இடம்பெறவே கூடாது.

குறைந்த சுமையோடு நெடுந்தொலைவு நடக்கலாம் என்பதற்கு அமெரிக்கப் பெண்மணி எம்மா கேட்வுட்டை எல்லோரும் சான்று காட்டுகிறார்கள். 1955இல், 67 வயதில், தாமே தைத்த துணிப்பையும் மழைக்குக் குளியலறைத் திரையுமாக அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடுநடைப் பாதை முழுவதையும் நடந்தார். போற்ற வேண்டிய செயல். வழியோர வீடுகள் பலவற்றில் அவருக்குச் சோறும் படுக்கையும் கிடைத்தன என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

‘டார்ப்’புக்குப் புதுச்சொல் தேவையில்லை, தார்ப்பாய் இருக்கிறது. முதுகுப்புறம் திறந்த உறங்குபையான ‘குயில்ட்’டுக்குத் திறப்போர்வை என்று தோன்றுகிறது. இதைவிடப் பொருத்தமானது இருந்தால் எழுதுங்கள்.